மிஸிஸ் ஹார்கின்ஸ் எதைத் திறந்தாள்?

உடுப்பிட்டியில் அந்த நாளில் ரொக் இசை கேட்பதென்றால் முதலில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. மின்சாரம் என்ற ஒன்று இருந்ததைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கதையாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. பற்றறி அரசாங்கம் தடைசெய்த சாமான். ஒளித்துக் கொண்டுவந்த ஒரு சோடியின் விலைக்கு ஒரு வீட்டில் இரண்டு நாள் உலை வைக்கலாம். ஆகவே கவிழ்த்த சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றுவார்கள். டைனமோ உருளும். அதிலிருந்து போகும் இரண்டு வயரின் தயவில் ரேப் றெக்கோடர் பாடும். சுற்றுகிறவன் களைத்தால் பாடகனும் களைப்பான். இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் சோமசேகரமும், அவன் கூட்டாளி ஐசாக்கும், ஐசாக்கின் தங்கை நவமணியும் லோங் பியர் என்ற ஆங்கிலேயக் கோஷ்டியைத் தங்கள் காணி பூமி மாதிரி ஆண்டு வந்தார்கள்.

சோமசேகரம் வெங்காயத் தோட்டக்காரர் இராசநாயகத்தின் கடைசி மகன். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் போனபிறகு தகப்பனோடு தோட்டத்தில் தண்ணீர் மாறுகிறவன். மூத்தவன் கனடாவில். ஐசாக் அரிவரி வகுப்பிலிருந்து இவனோடு ஒரே வாங்கில் இருந்தவன், தகப்பன் இல்லை. தாய் வினிபிரட், மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வெடுத்த ரீச்சர். பின்னேரங்களில் ஐசாக் வீட்டு விறாந்தையில்தான் சைக்கிள் கவிழும். சுற்றுவது எப்போதும் சோமசேகரம். தோட்டத்துக் கை, சீராகச் சுற்றும். ஐசாக் சுற்றினால் பாட்டெல்லாம் ஓட்டம் பிடிக்கும், அவனுக்கு எதிலும் அவசரம். எந்தப் பாட்டு என்று தீர்மானிப்பவள் நவமணி. உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்பதற்காக வினிபிரட் ரீச்சரும் ஒரு கதிரையைப் போட்டுத் தையல் துணியோடு அங்கேயே இருப்பார்.

"உந்தப் பெடியன் இருக்கிற சட்டி பானை எல்லாத்தையும் உடைச்சுப்போட்டுப் பேந்து எதிலை சமைக்கப் போறான்?" என்பார், ட்றம் அடிக்கிறவனைப் பற்றி. ஆனால் காது பாட்டில்தான் இருக்கும்.

லோங் பியர் நாலு பேர். இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஒரு துறைமுகத்தில் மீன்பெட்டி சுமந்த பிள்ளைகள். இங்கிலாந்திலேயே அவர்களைத் தெரிந்தவர்கள் எத்தனை பேரோ, வடமராட்சியில் தெரியும். காரணம் வல்வெட்டித்துறைக் கப்பல்காரர் ஒருவர். எண்பத்தைந்தில் அவர் கொண்டுவந்த மூன்று இசைத்தட்டுகளை நெல்லியடியில் றெக்கோடிங் பார் வைத்திருந்த மார்க்கண்டு கசெற்றில் அடித்து விற்றார். அதைப் பார்த்து அடித்தவர்கள், அடித்ததைப் பார்த்து அடித்தவர்கள் என்று கரவெட்டி வரைக்கும் லோங் பியர் போய்ச் சேர்ந்தது. கப்பல்காரர் ஒரு சங்கீத சஞ்சிகையையும் விட்டுப் போயிருந்தார். அதில் கோஷ்டி ஊர் ஊராகப் போய்ப் பாடியபோது எந்த மேடையில் எந்தப் பாட்டை எதற்கடுத்துப் பாடியது என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தது. பைபிளை ரீச்சர் படித்ததைவிட அதிக தடவை பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் படித்திருப்பார்கள்.

ஐசாக்குக்கு இரண்டாவது அல்பம்தான் உலகத்தின் உச்சி. சோமசேகரத்துக்கு முதலாவது, அதில் கிற்றார்காரன் ஒரு இடத்தில் பிழை விடுவான், அதைத் திருத்தாமல் விட்டிருக்கிறார்களே, அந்த மனசு யாருக்கு வரும் என்பான். நவமணி இரண்டையும் சேர்த்தே தள்ளிவிடுவாள்.

"அறைக்குள்ளை பூட்டிப்போட்டுப் பாடினதெல்லாம் ஒரு பாட்டோ? சனத்துக்கு முன்னாலை பாடினதைப் போடுங்கோ."

அவளுக்கு மூன்றாவது மட்டும்தான். 'பைவ் நைற்ஸ்' என்று பெயர், ஐந்து இரவு மேடையில் பாடியதை அப்படியே பிடித்த தட்டு அது. அதன் கடைசிப் பாட்டுத்தான் 'மிஸிஸ் ஹார்கின்ஸ்'. இந்தக் கதையே அந்தப் பாட்டால் வந்ததுதான்.

மிஸிஸ் ஹார்கின்ஸ் துறைமுகத்தில் மாலுமிகளுக்குச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள். கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அவள் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கும் சேர்த்துத் தட்டுப் போடுகிறாள். மழை. வெளியில் ஏதோ சத்தம். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழும்புகிறாள், போகிறாள், திறக்கிறாள். அவ்வளவுதான். 'திறந்தாள்' என்ற சொல்லோடு பாட்டு வெட்டுண்டு நிற்கும். ஒரு கிற்றார் இல்லை, ஒரு கைதட்டல் இல்லை. வெறும் இரைச்சல்.

இப்படி ஒரு முடிவை யார் செய்வான்? முதல் தரம் கேட்டபோது மூன்று பேருக்கும் மயிர் கூச்செறிந்தது. சஞ்சிகையைப் பார்த்தால் ஒவ்வொரு மேடையிலும் அதுதான் கடைசிப் பாட்டு. அப்படியென்றால் ஆயிரக்கணக்கான சனத்துக்கு முன்னால் அந்த ஒற்றைச் சொல்லோடு பாட்டை நிறுத்திவிட்டு அவர்கள் மேடையை விட்டு இறங்கிப் போயிருக்கிறார்கள்! மார்க்கண்டுவிடம் போய்க் கேட்டபோது அவரும் கண்ணை மூடித் தலையை ஆட்டி, "அது அப்பிடித்தான் தம்பி, பெரிய ஆக்களின்ரை வேலை," என்றார்.

கதவைத் திறந்தவள் யாரைக் கண்டாள் என்பதுதான் எட்டு வருடமாக நடந்த வழக்கு.

"ஒருத்தரும் இல்லை. அதாலைதான் பேந்து பாட்டு இல்லை," என்பாள் நவமணி.

"எல்லாரும் நிக்கினம். அந்தச் சந்தோசத்திலை ஆரும் பாட்டுப் பாடிக்கொண்டு நிப்பினமோ?" என்பான் சோமசேகரம்.

ஐசாக் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பான். "மடையங்கள். அவள் கதவைத் திறந்துகொண்டு தானே வெளியிலை போட்டாள். வீட்டிலை ஆள் இல்லை. ஆள் இல்லாத வீட்டிலை ஆரைப் பற்றிப் பாடுறது?"

சில நாட்களில் லோங் பியர் யாழ்ப்பாணத்துக்கு வந்தால் எதை எதற்குப் பின் பாடுவார்கள் என்று அடுக்குவார்கள். மேடை தொண்டைமானாற்றில், சந்நிதி கோயில் வெளியில். முதல் பாட்டுக்கே சண்டை தொடங்கிவிடும்.

"நடுவிலை பொம்மர் வந்தா?" என்று வானத்தைக் காட்டிச் சோமசேகரம் கேட்டான் ஒருமுறை.

"வந்தா இடைவேளை. சனமெல்லாம் பங்கருக்கை. அவையும் பங்கருக்கை இருந்து மெல்லிசா ஒண்டு பாடட்டும்," என்றான் ஐசாக்.

நவமணி சிரிக்கவில்லை. "எனக்குப் பங்கரும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம். ஆயிரம் பேருக்கு நடுவிலை நிண்டு, நான் பாடுறது எனக்கே கேக்காத சத்தத்திலை ஒருக்கால் பாடிப்போட்டால் காணும். எந்த ஊரெண்டாலும் சரி," என்றாள். சொன்னவளின் முகத்தைப் பார்த்துச் சோமசேகரம் ஒரு சுற்றுச் சுற்ற மறந்துபோனான்.

அந்த வருடம் பங்குனியில் பள்ளிக்கூடத்து மதிலடியில் ஒரு ஷெல் விழுந்தது. அந்தப் பக்கம் நின்ற ஐசாக்குக்கு உடம்பில் ஒரு கீறல் இல்லை, ஆனால் இடது காதுக்குள் ஓயாத இரைச்சல். கொழும்பில் பெரிய டொக்டரிடம் காட்ட வேண்டும் என்றார்கள். காட்டலாம், ஆனால் குடாநாட்டை விட்டு வெளியே காலை வைக்க ஊரை ஆண்ட இயக்கத்தின் அனுமதிச் சீட்டு, பாஸ், வேண்டும். பாஸ் வேண்டுமானால் பிணை வேண்டும்.

இந்தப் பிணையை நல்ல மூளைக்காரன் ஒருவன் இருந்து யோசித்துத்தான் கண்டுபிடித்திருக்கிறான். போனவன் திரும்பி வரும்வரை பிணை நின்றவனுக்குப் பாஸ் கிடையாது. கிழவன் கிழவியைப் பிணையாக எடுக்கமாட்டார்கள். எங்கும் போகாததுகளைக் கட்டிவைத்து என்ன பிரயோசனம்? போக விருப்பமுள்ள இளம் ஆளாகப் பார்த்துக் கட்டினால்தான் அது கட்டு. அதனால் அந்த நாளில் பிணைக்கு ஆள் தேடுவது பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதைவிடப் பெரும்பாடாக இருந்தது.

ஐசாக் சோமசேகரத்திடம்தான் வந்தான்.

"ஒரு மாசம் மச்சான். காதைக் காட்டிப்போட்டு ஓடி வந்திடுவன்."

"நவமணி நிக்கேலாதோ?" என்று கேட்டான் சோமசேகரம். குத்தலாக இல்லை, தெரியாமல்தான்.

"அவள் பொம்பிளைப் பிள்ளை. பாஸ் கந்தோரிலை போய் நிண்டு கையெழுத்து வைக்கிறது வடிவோ, நீயே சொல்லு. வரேக்கை பைவ் நைற்ஸ் ஒறிஜினல் கசெற் கொண்டு வாறன். மார்க்கண்டற்றை இரைச்சல் இல்லாமல் கேப்பம்."

இராசநாயகத்தார் கேள்விப்பட்டு மண்வெட்டியைக் கீழே போட்டார். "வேலியிலை போற ஓணானைப் பிடிச்சு மடியுக்கை விடுறாய். கொண்ணை கனடாவுக்கு உனக்கு எழுதிப் போட்டிருக்கிறான். நாளைக்கு அங்கையிருந்து வா எண்டால் என்ன செய்வாய்?"

"நாளைக்கே கூப்பிடப் போறாங்களோ அப்பு? ஐசாக் அதுக்குள்ளை பத்துத் தரம் வந்திடுவான்."

கூட்டாளியின் காது. அதுவும் லோங் பியர் கேட்கிற காது. சோமசேகரம் யோசிக்கவே இல்லை. போய்க் கையெழுத்து வைத்தான். ஐசாக் கிளாலிக் கடலைத் தாண்டிப் போய்விட்டான்.

ஒரு மாதம் போயிற்று. கிளாலியில் நேவி படகுகளைச் சுட்டது, ஓட்டம் நின்றுபோயிற்று என்றார்கள். சரி, அதுதான் பிந்துகிறது என்று சோமசேகரம் நினைத்தான். பிறகு ஓட்டம் தொடங்கியது. போனவர்கள் வந்தார்கள். ஐசாக் வரவில்லை. டொக்டர்மார் இழுத்தடிப்பார்கள் என்று சோமசேகரமே மற்றவர்களுக்குச் சமாதானம் சொன்னான். பின்னேரங்களில் பழக்கதோஷத்தில் ஐசாக் வீட்டுக்குப் போய்ப் பெடலைச் சுற்றுவான். இரண்டு பேராக வழக்குப் பேசுவது ருசிக்கவில்லை, மூன்றாவது கட்சிக்காரன் இல்லாமல் யாரை வெல்வது?

ஆனி மாதம் கனடாவிலிருந்து கடிதம் வந்தே விட்டது. ஆடி முடிவதற்குள் கொழும்பில் தூதரகத்தில் நேரில் வந்து நிற்க வேண்டும். தவறினால் கோப்பு மூடப்படும். தமையன் தனியாக எழுதியிருந்தான்: இது விட்டால் இனி இல்லை, என்னால் இன்னொரு தரம் ஏலாது. தாய் சந்நிதியானுக்கு நேர்த்தி வைத்தார். தகப்பன் தான் சொல்ல வேண்டியதை முன்னரே சொல்லிவிட்டாரே. சோமசேகரத்துக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது. தோட்டத்தில் தண்ணீர் மாறும்போது வாய்க்கால் உடைத்துப் போவதுகூடத் தெரியாமல் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றான். இருபத்துநாலு வயது. இந்த வெங்காயம், இந்தக் கிணறு, இந்தப் பங்கர், பொம்மர் வந்தால் ஓடு, போனால் வா. ஐசாக் வந்தால் கதவு திறக்கும், வராவிட்டால் இல்லை. இலவு காத்த கிளி அவன்.

ஒருநாள் பின்னேரம் ஏரம்பு தெருப்படலையில் சைக்கிள் மணி அடித்தார். வல்வெட்டித்துறையில் சின்னக் கடை வைத்திருப்பவர், சாமானுக்குக் கொழும்பு போய் வருகிறவர்.

"தம்பி, உன்ரை சிநேகிதன் இதைக் குடுத்துவிட்டவன். கொட்டாஞ்சேனையிலை கண்டனான். நல்ல சுகம். காதும் இப்ப வலு திறமாம்."

பொட்டலத்தைப் பிரித்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று பைவ் நைற்ஸ். ஒறிஜினல்! நாலு பேரின் படத்தையும் நிறத்தில் அன்றைக்குத்தான் கண்டான். சோமசேகரத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஏரம்புவிடம் அடுத்த கேள்வி கேட்கவேண்டும் என்ற நினைப்புக்கூட இல்லை. அந்தப் பைத்தியக்காரன் சைக்கிளில் ஏறி ஐசாக் வீட்டுக்குப் பறந்தான்.

சைக்கிள் கவிழ்ந்தது. நவமணி கசெற்றை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்து, மூக்கடியில் வைத்து மணந்தும் பார்த்தாள். நேரே மிஸிஸ் ஹார்கின்ஸ்.

இரைச்சல் இல்லாத குரல் பக்கத்தில் இருந்து கதைப்பது போல இருந்தது. தட்டுப் போட்டாள். மழை. சத்தம். கையைத் துடைத்தாள், எழும்பினாள், போனாள், திறந்தாள். சோமசேகரம் வழக்கம்போலக் கையை எடுக்கப் போனான். பாட்டு நிற்கவில்லை.

யன்னலை! அவள் திறந்தது யன்னலை. அடுப்பில் மீன் கருகி வீடு முழுக்கப் புகை. மாலுமிகள் எல்லாரும் பின்பக்கத்தால் வந்து மேசையில் இருந்துகொண்டு, மீன் எங்கே, மிஸிஸ் ஹார்கின்ஸ், மீன் எங்கே என்று தட்டில் தாளம் போடுகிறார்கள். சனம் முழுவதும் சேர்ந்து அதையே பாடுகிறது. பாடிக்கொண்டே இருக்கிறது. ட்றம்காரன் வெளுத்து வாங்குகிறான். விசில். கடைசியில் பாடகன் நன்றி சொல்லி, வீட்டுக்குக் கவனமாகப் போங்கள் என்கிறான்.

விஷயம் இவ்வளவுதான். மார்க்கண்டு மலிவென்று வாங்கிய குட்டைக் கசெற்றில் நாடா முடிந்துவிட்டது. முடிந்த இடத்தில் பாட்டும் முடிந்தது. அதைப் பார்த்து அடித்தவர்களின் கசெற்றில் பிறகு வெறும் நாடா ஓடியது. எட்டு வருடமாக வடமராட்சி முழுவதும் மயிர் கூச்செறிந்தது மார்க்கண்டுவின் கஞ்சத்தனத்துக்கு.

முதலில் சிரித்தது நவமணிதான். பிறகு சோமசேகரம். சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணீர் வந்தது. "மீன் கருகினதுக்கோ நாங்கள் இவ்வளவு நாளும் அழுதனாங்கள்?" என்றாள் அவள். பிறகு, "இல்லை, எனக்கு இது பிடிக்கேல்லை சோமண்ணை. எங்கடைதான் திறம்," என்றாள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை, பார்த்தீரோ, எல்லாரும் திரும்பி வந்திருக்கினம், நான் சொன்னதுதான் சரி என்றான். "கதவாலை வரேல்லையே!" என்றாள். வழக்கு சூடு பிடித்தது. அவன் மறுபடி சுற்றத் தொடங்கினான்.

வினிபிரட் ரீச்சர் ஊசியில் நூல் கோத்தபடி கேட்டார்: "ஏன் தம்பி, உவன் ஐசாக் இதை ஏன் ஆளிட்டைக் குடுத்து விட்டவன்? வரேக்கை தானே கொண்டு வரலாமே?"

சோமசேகரத்தின் கை நின்றது. சனத்தின் பாட்டு இழுபட்டு, தடித்து, அடங்கியது. நவமணி தாயைப் பார்த்தாள். ரீச்சர் ஊசியைத் துணியில் குத்திவைத்தார். எழும்பி உள்ளே போனார்.

"காது சுகமாம்," என்றான் சோமசேகரம். அவனுடைய குரலே அவனுக்குப் பிடிக்கவில்லை. "ஏரம்பண்ணை சொன்னவர். வலு திறமாம்."

"அவன் வரமாட்டான்," என்றாள் நவமணி.

"உமக்கு முந்தியே தெரியுமோ?"

"தெரியும் எண்டு சொல்லமாட்டன். தெரியாது எண்டும் சொல்லமாட்டன். கொழும்பிலை ஒரு அறை பாத்துப்போட்டு அம்மாவையும் என்னையும் கூப்பிடுறன் எண்டு சொன்னவன். அறை பாக்கிறவன் திரும்பி வருவான் எண்டுதான் நான் நினைச்சனான்." அவள் நிலத்தைப் பார்த்தாள். "என்னைக் கேக்காமல் ஏன் உங்களைப் பிணைக்குக் கேட்டவன் எண்டு இப்ப விளங்குதோ?"

விளங்கியது. மிகத் தெளிவாக விளங்கியது. தங்கை பிணை நின்றால் தங்கை போக முடியாது. ஐசாக் தன் ஆட்களைப் பொத்தி வைத்துவிட்டு, போகக் காத்திருந்த கூட்டாளியைத் தூக்கி உலைக்குள் போட்டிருக்கிறான். அரிவரியிலிருந்து ஒரே வாங்கு. சோமசேகரத்துக்கு அழுகை வரவில்லை; யாரையாவது அடிக்கவேண்டும் போல இருந்தது. சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போனான். கசெற்றை எடுக்கவில்லை.

அடுத்த நாள் பாஸ் கந்தோருக்குப் போனான். பொறுப்பாக இருந்தவனுக்கு இவனைவிட வயது குறைவு. மரியாதையாகத்தான் கதைத்தான், அந்த மரியாதைதான் எரிச்சலாக இருந்தது.

"கனடாக் கடிதமெல்லாம் சரி அண்ணை. அதிலை ஒரு பிழையும் இல்லை. ஆனால் நீங்கள் ஒராளுக்குப் பிணை நிக்கிறியள். அவர் வரட்டும். இல்லாட்டி உங்கடை இடத்திலை வேறை ஆரும் வந்து நிக்கட்டும். நாங்கள் மறிக்கேல்லை."

மறிக்கவில்லையாம். சோமசேகரம் வெளியே வந்து வெயிலில் நின்றான். நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். தோட்டத்துக்குப் போயிருக்கலாம். அவன் நவமணி வீட்டுக்குப் போனான். ஏன் என்று கேட்டால், சும்மா, நடந்ததைச் சொல்லத்தான் என்பான். பூனையும் அடுப்படிக்குச் சும்மாதான் போகும்.

நவமணி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். அவன் துலாக்காலில் சாய்ந்து நின்று, கந்தோரில் சொன்னது முழுவதையும் சொன்னான். 'வேறை ஆரும்' என்ற இடத்தையும் விடவில்லை. சொல்லி முடித்த கையோடு, "நான் உம்மைக் கேக்க வரேல்லை," என்றான்.

"நீங்கள் கேக்கேல்லைத்தானே." அவள் சவர்க்காரத்துக்குப் பதிலாக வைத்திருந்த பனம்பழத்தைத் துணியில் அழுத்தித் தேய்த்தாள். கன நேரம் தேய்த்தாள். பிறகு கேட்டாள்: "கந்தோர் எத்தினை மணிக்குத் திறப்பினம்?"

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நீரும் போக வேண்டியவர், உமக்கும் அந்த ஆயிரம் பேர் வேண்டும் என்று சொல்ல வேண்டும். சோமசேகரத்துக்கு அந்தச் சொற்கள் எல்லாம் தெரியும். ஒவ்வொன்றாக வாய்க்குள் வந்து நின்றன.

"எட்டு மணிக்கு," என்றான்.

மறுநாள் எட்டு மணிக்கு அவள் கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையில் வந்து நின்றாள். கந்தோர் வாசலில் நீண்ட வரிசை. ஊர்ச்சனம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. என்னவெல்லாம் நினைத்ததோ, நினைத்துவிட்டுப் போகட்டும். இவர்கள் முறை வந்தது.

"அக்கா, உங்கடை அண்ணை திரும்பி வருமட்டும் நீங்கள் ஒரு இடமும் போகேலாது. விளங்குதோ?" என்றான் பொறுப்பாளன்.

"விளங்குது."

"போறதுக்கு விருப்பமில்லையோ?"

"எனக்கு அங்கை என்ன கிடக்கு?" என்றாள் நவமணி. கையெழுத்து வைத்தாள். சோமசேகரத்தின் பெயரைப் பொறுப்பாளன் ஒரு கோட்டால் வெட்டினான்.

அவ்வளவு சுலபம். வெட்கம் வந்தது, சந்தோஷமும் வந்தது. சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது, அதை நினைக்க இன்னும் வெட்கம் வந்தது. கனடா, தமையன், பொம்மர் இல்லாத வானம். இனி நான் போகலாம் என்று அவன் கால் தன்பாட்டில் திரும்பியது.

"நில்லுங்கோ அண்ணை," என்றான் பொறுப்பாளன். "உங்கடை பாஸுக்கு ஆர் பிணை?"

ஐசாக்கின் முடிச்சை அவிழ்க்கிற அவதியில், தனக்கும் ஒரு முடிச்சு வேண்டும் என்பதைச் சோமசேகரம் நினைத்தே பார்க்கவில்லை. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். தகப்பனைக் கொண்டுவந்தால் கிழவன் என்று தள்ளுவார்கள். ஒன்றுவிட்ட சகோதரங்கள் எல்லாம் போய்விட்டார்கள், போகாதவர்கள் போகக் காத்திருக்கிறார்கள். தெரிந்த முகம் ஏதும் இருக்கிறதா என்று வரிசையைத் திரும்பிப் பார்த்தான். தெரிந்த முகங்கள் எல்லாம் வேறு பக்கம் பார்த்தன. பின்னால் நின்ற ஒருவர், "தம்பி, கெதியா," என்றார்.

"நான் நிக்கிறன்," என்றாள் நவமணி.

பொறுப்பாளன் நிமிர்ந்தான். "ரெண்டு பேருக்கோ அக்கா?"

"ஒராளுக்கு நிண்டாலும் நான் போகேலாது. ரெண்டு பேருக்கு நிண்டாலும் போகேலாது. ஒருத்தியைத்தானே கட்டுறியள்? உங்கடை சட்டத்திலை இடமில்லை எண்டால் சொல்லுங்கோ."

அவன் பக்கத்து மேசைக்காரனைப் பார்த்தான். பக்கத்து மேசைக்காரன் தோளைக் குலுக்கினான். அப்படி ஒருத்தி வருவாள் என்று சட்டம் போட்டவனுக்கும் தோன்றியிருக்கவில்லை. புதிதாக ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தான். பிறகு, கேட்க வேண்டிய கேள்வி என்பதால், சோமசேகரத்தின் பக்கம் திரும்பினான்.

"அண்ணை, தூதரக அலுவல் முடிஞ்சால் திரும்பி வருவியள்தானே?"

சோமசேகரம் நவமணியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பேனையைக் கையில் எடுத்து, அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"வருவன்," என்றான்.

நவமணி குனிந்து கையெழுத்து வைத்தாள்.